பேக்கப்பில் ஏறாத ஃபோல்டர்

அருள்புரத்தில் நான் பேட்டர்ன் போடும் பனியன் கம்பெனியில் லேப்டாப்பை அவரவரே கொண்டுவர வேண்டும். பேக்கப் மட்டும் கம்பெனிக்கு. சனிக்கிழமைதோறும், என் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் ஃபோல்டரை முதலாளி மேசையில் இருக்கும் ஹார்டு டிஸ்கில் ஏற்ற வேண்டும்.

அந்த ஃபோல்டரை நான் என்கிரிப்ட் செய்து வைத்திருக்கிறேன். என் பாஸ்வேர்ட் இல்லாமல் யாராலும் ஒன்றும் படிக்க முடியாது. ஆனால் நான் திறந்து வைத்து நகல் எடுத்தால், டிஸ்கில் எல்லாம் பூட்டில்லாமல் போய் உட்கார்ந்துவிடும். அதனால் நகலில் சேரக் கூடாதவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினேன். கேஷ் என்கிற தற்காலிகக் குப்பைகள், டவுன்லோட்ஸ், கடைசியில் 'பழையது' என்றொரு ஃபோல்டர்.

அதில் பழையது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நான் வரைந்த கைக்குழந்தைச் சட்டைகள். தலைவழியாக இழுத்து மாட்டாமல் பக்கவாட்டில் முடிச்சுப் போடுகிற மாதிரி. இரண்டு மிஷின் வாங்கி நானே தைக்கப் போகிறேன். டிஸ்கில் ஏறினால் அடுத்த மாதமே அவை கம்பெனி சாம்பிளாகிவிடும். முன்பு நான் வரைந்த பாக்கெட் ஒன்று அப்படித்தான் பறிபோனது.

ஆனால் அதே ஹோம் ஃபோல்டரில் இருந்த பட்டியலையே பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டேன். எதை ஒளிக்கிறேன் என்று நானே எழுதி, வாராவாரம் அவர் மேசைக்கு அனுப்பியிருக்கிறேன். என்னைவிடக் கெட்டிக்காரி உண்டா?

ஆயுதபூஜையன்று மிஷின்களோடு லேப்டாப்புகளையும் வரிசையாக வைத்தார்கள். என்னுடையதற்குப் பொட்டு வைத்துக்கொண்டே முதலாளி கேட்டார்.

"ஏனுங்க கண்ணு, அந்தப் பழையதுல என்னதான் இருக்குதுங்க? கொஞ்சம் தொறந்து காட்டுங்க."

எங்கள் ஊர் மரியாதை இப்படித்தான். இவ்வளவு பணிவாகக் கேட்டபின் மறுத்தால் நான்தான் மரியாதை தெரியாதவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லீங்க. அது என்ற சொந்த டிசைனுங்க. காட்டமாட்டனுங்க."

டெய்லர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலை வேண்டுமா வேண்டாமா என்று லீவில் யோசித்துவிட்டு வரச் சொன்னார், அதே பணிவோடு.

யோசிக்க என்ன இருக்கிறது? அனுப்பினால் அனுப்பட்டும் என்று லீவு முடிந்ததும் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் அனுப்பவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல பேக்கப் ஏற்றினேன். பட்டியலும் ஏறியது, இந்த முறை தெரிந்தேதான். ஃபோல்டரிலும் பட்டியலிலும் 'பழையது' என்ற பெயரை அழித்துவிட்டு, பட்டியலில் அவர் கண்ணில் முதலில் படும்படி மேலே எழுதியிருந்தேன்: 'என் சொந்த டிசைன்கள்.'