மாயாவியை நான் கொன்ற வாரம்

தொடர்கதைப் பத்திரிகை விற்கிறவன் கதையைப் படிக்காமல்கூட இருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தெரியாது என்று மட்டும் சொல்லக் கூடாது. 'தொடரும்' என்ற ஒற்றைச் சொல்லால் வாரம் முழுக்கக் காத்துக் கிடந்தவர்கள் நீங்களும்தானே? அப்படியென்றால் கேளுங்கள். நாங்கள் திருவனந்தபுரத்துக்கா சென்னைக்கா என்ற எல்லைச் சண்டையில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்த வருஷங்கள் அவை. நான் தக்கலை பஸ் நிறுத்தத்தில், வேலாயுதம் பிள்ளையின் பத்திரிகைக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். 'சங்குத்தீவு ராஜகுமாரி' என்றொரு மாயாஜாலத் தொடர் வந்துகொண்டிருந்தது. கருநாகன் என்ற மாயாவி ராஜகுமாரியைத் தீவில் அடைத்து வைத்து, வாசகர்களை வாராவாரம் அழவைத்துக்கொண்டிருந்தான்.

கிணற்றோரம் நின்ற பஸ்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ் எங்கள் கடை முன்னால் நிற்கும் நேரத்துக்குள் ஒரு டீ குடிக்கலாம், அல்லது விட்டுப்போன மூன்று வாரக் கதையைக் கேட்கலாம். இரண்டும் முடியாது. பாதிப் பேர் டீயை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார்கள். நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று சொல்லுவேன். மூன்று வாரத்தை ஒரே மூச்சில் சுருக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. யார் செத்தார், யார் கல்லானார், யாருக்கு யார் மேல் ஆசை, இந்த மூன்றும் போதும், மற்றதெல்லாம் வர்ணனை.

ஒருநாள் ராஜகுமாரி பாழுங்கிணற்றில் பாதி ஏறிக்கொண்டிருக்கிறாள், டிரைவர் ஹாரனை அமுக்குகிறார். கண்டக்டர் வாயிலிருந்த விசிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு டிரைவரைப் பார்த்துச் சொன்னார்: "அவ கிணத்தை விட்டு ஏறட்டும் வே, பெறவு விசிலடிக்கேன்."

பிள்ளையின் தீர்ப்பு

இந்தப் புகழ் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. கதையை நீயே அவிழ்த்து விட்டால் பத்திரிகையை எவன் வாங்குவான் என்று கேட்டார். ஒரு பத்திரிகைக் கட்டு மிஞ்சினாலும் நான் வயலுக்குப் போய்விடலாம் என்றும் சொல்லிவிட்டார். வயல் என்றால் என் அப்பாவின் வயல். ஏர் பிடிக்க ஒரு மகன் அகப்பட மாட்டானா என்று அவர் அங்கே காத்திருந்தார். எனக்கோ சேற்றைக் கண்டாலே தும்மல் வரும்.

அன்றைக்கே தொழிலை மாற்றினேன். முன்கதையை நான் சொல்லுவேன். இந்த வாரக் கதை பத்திரிகைக்குள் இருக்கும், வாங்கிப் படிக்க வேண்டும். அடுத்த வாரத்துக்கு ஜோசியம். அது பலித்ததா என்று பார்க்க மறுபடி வாங்கித்தானே ஆகவேண்டும்? ஜோசியமெல்லாம் படத்தைப் பார்த்துத்தான். ஓவியர் சும்மா மை செலவழிக்க மாட்டார். மூலையில் ஒரு ஆமை போட்டிருந்தார். அடுத்த வாரம் அது வாய் திறந்து பேசும் என்றேன். பேசியதோடு நிற்கவில்லை, ஒரு பாட்டும் பாடியது. கட்டுகள் மத்தியானத்துக்குள் காலியாக ஆரம்பித்தன. பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "சொல்லித் தொலை. ஆனா எவனையும் கொன்னு முடிச்சிராதலே, தொடர் நின்னுபோவும்."

சோறு இறங்கிய நாள்

கடற்கரை ஊரான இனயத்துச் சிலுவம்மாள் சந்தையில் மீனை விற்றுவிட்டு, காலிக் கடவப் பெட்டியோடு நேரே எங்கள் கடைக்கு வருவாள். படிக்கத் தெரியாது. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, படிக்கத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் பத்திரிகை வாங்கிக் கடவத்தில் போட்டுக்கொண்டு போவாள். கடற்கரையில் அவள் கதை சொல்ல உட்கார்ந்தால் வலை பின்னுகிற கைகள் நின்றுவிடுமாம். அவள் சொன்னால் அங்கே அதற்கு மறுபேச்சு கிடையாது.

ஐப்பசி மழையில், பத்திரிகை வருகிற சென்னை ரயில் பாதை உடைந்து, ஒரு வாரம் கட்டு வரவில்லை. கூட்டம் மட்டும் தவறாமல் வந்தது. வெறும் காதோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. இந்த வாரம் இப்படித்தான் நடந்திருக்கும் என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல 'நடந்திருக்கும்' என்பது 'நடந்தது' ஆகிவிட்டது. கருநாகனைக் கடலில் தள்ளிச் சுறாவுக்குக் கொடுத்தேன். அவனை விழுங்கிய சுறாவுக்கே மூன்று நாள் வயிற்றுவலி. சிலுவம்மாள் கடவத்தை இறக்கி வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்: "செத்தான்லா மக்கா? இனிதான் எனக்குச் சோறு எறங்கும்."

வலக்கை மோதிரம்

அடுத்த வாரம் இரண்டு கட்டும் சேர்ந்து வந்தன. பிரித்தால், இரண்டிலும் கருநாகன் உயிரோடு இருக்கிறான். புதுக் கட்டில் சிம்மாசனத்தில் சாய்ந்து பழம் தின்றுகொண்டிருக்கிறான். இது தெரியாத சனம், மாயாவிதான் செத்தாயிற்றே, இனி என்ன வாங்க என்று நடையைக் கட்டியது. கட்டுகள் கயிறு அவிழாமல் கிடந்தன. பிள்ளை ஆணியில் தொங்கிய என் சட்டையை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அந்நேரம் பார்த்துச் சிலுவம்மாள் வந்து நின்றாள். கருநாகன் செத்த சந்தோஷத்தில் இனயத்தில் வெடியே போட்டிருக்கிறார்கள். பிறகு எவனோ குளச்சலில் வாங்கிய பத்திரிகையைப் படித்துக் காட்டியிருக்கிறான். இனிக் கரையில் எப்படி முழிப்பேன் என்று கேட்டாள். நான் சிம்மாசனப் படத்தைப் பார்த்தேன். கருநாகனின் பாம்பு மோதிரம் எப்போதும் இடக்கையில் இருக்கும். இதில் வலக்கையில் இருந்தது. "அக்கா, கருநாகன் செத்தது செத்ததுதான். சிம்மாசனத்தில இருக்கவன் போலி. கையைப் பாருங்க" என்றேன். கையைப் பார்க்கப் பத்திரிகை வேண்டாமா? பழைய படத்தோடு ஒத்துப் பார்க்கப் பழைய இதழும் வேண்டாமா? இரண்டு கட்டோடு, விற்காமல் மூலையில் கிடந்த பழசும் தீர்ந்துபோயிற்று. பிள்ளை மட்டும் அசையவில்லை: "ரெண்டு வாரத்தில அவன் போலின்னு அச்சில வரலேன்னா, உனக்க சட்டைக்கு இங்க ஆணி கெடையாது."

அச்சில் வந்த சேதி

முதல் வாரம் போலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்பா ஏர்மாட்டுக்குப் புதுக் கயிறு வாங்கிவிட்டதாகச் சேதி வந்தது. இரண்டாம் வாரம் கட்டு வந்ததும் கண்டக்டரே கயிற்றை அறுத்து, பஸ் படியில் நின்று உரக்கப் படித்தார். சிம்மாசனத்தில் இருந்தவன் கருநாகனின் இரட்டைப் பிறவித் தம்பி. அசல் கருநாகன் எப்போதோ கடலில் மாண்டுபோனான்! சுறாவைப் பற்றி எழுத்தாளர் எழுதவில்லை, கூச்சப்பட்டிருப்பார். ஓவியருக்குக் கை தவறியதா, நான் தக்கலையில் சொன்னது சென்னையில் கேட்டதா என்று இன்றுவரை என்னிடம் கேட்கிறார்கள். கேட்டது என்றுதான் நான் சொல்லிவருகிறேன்.

பஸ்ஸுக்குள் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிள்ளை என் சட்டையை வாங்கி ஆணியில் மாட்டினார். சிலுவம்மாள் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பத்திரிகை வாங்கிக் கடவத்தில் அடுக்கினாள். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "மெட்ராஸ்காரனுக்குச் சாவுச் சேதி கெடைக்கக் கொஞ்சம் பிந்திப்போச்சு, அவ்வளவுதானே?"

கதையை எழுதியவர் சென்னையில் இருந்தார், நடத்தி வைத்த நான் தக்கலையில் ஸ்டூல் மேல் இருந்தேன், சன்மானம் மட்டும் என் விலாசம் தெரியாமல் அவருக்கே போய்க்கொண்டிருந்தது.