விலை பேசாத கதவு

சின்னமனூரில் நாங்கள் வீடு வாங்கியபோது, என் கணவர் வக்கீலிடம் கேட்காத கேள்வியே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் வாழைக்காய் வியாபாரி. ஒவ்வொரு தாரையும் புரட்டிப் பார்த்து வாங்குகிறவர், வீட்டையும் அப்படித்தான் வாங்கினார். தாய்ப்பத்திரம் அசல்தானா, வில்லங்கம் எது வரைக்கும் போட்டுப் பார்க்க வேண்டும், பட்டாவில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா, விற்கிறவரின் கூடப்பிறந்தவர்கள் நாளைக்கு வந்து பங்கு கேட்பார்களா. வக்கீல் சாப்பிட உட்கார்ந்தாலும் போன் போகும்.

வக்கீல் இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஒருநாள் பொறுக்க முடியாமல், "மாப்ள, நீ வாங்கப்போறது ஒரு வீடு. சின்னமனூரையே இல்ல" என்று சொல்லிவிட்டார்.

வீட்டை விற்றவர் கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டியவர். வயதாகிவிட்டதால் கூடலூரில் மகள் வீட்டோடு போய் இருந்துகொள்ள முடிவு செய்திருந்தார். வீடு அவர் சம்பாத்தியத்தில் வாங்கியது, பத்திரமும் அவர் பெயரில். மனைவி கையெழுத்து வேண்டுமா என்று என் கணவர் கேட்டதற்கு, அவசியமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்த அம்மா நாங்கள் போகும்போதெல்லாம் காப்பி கொடுப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். பத்திர ஆபீசுக்கும் வரவில்லை.

பதிவு முடிந்தபின் சாமான்களை எடுத்துக்கொள்ள அவகாசம் கேட்டார்கள், கொடுத்தோம். காலி செய்த அன்று அவர்களுடைய மருமகன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். சாவியோடு பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றையும் கொடுத்தார். பூட்டை எதற்குக் கழற்றித் தருகிறார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நாங்கள் போய்ப் பார்த்தால், பூட்டும் சாவியும் எங்கள் கையில் இருக்கின்றன, வாசலில் கதவைக் காணோம். நிலை மட்டும் நிற்கிறது. உள்ளே நடுக்கூடத்தில் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கிரகப்பிரவேசத்துக்குப் பசு வேண்டுமென்று நாங்கள் சொல்லி வைத்திருந்தோம். ஆடு முந்திக்கொண்டது.

என் கணவர் ஜீப்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, வாசக்கதவ எங்கண்ணே?"

"அதா தம்பி..." என்று அவர் இழுத்தார். "அது எம் பொஞ்சாதி கதவாம். நான் சொல்லிப் பாத்தேன். கேக்கமாட்டேன்னுட்டா."

வக்கீலிடம் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சுவத்துல மாட்டுன கதவு வீட்டோட சேர்ந்ததுதான்டா. கதவு, நிலை, ஜன்னல் சகிதம்னு நாமளே எழுதியிருக்கோம். வா, நேர்லயே போயிப் பேசுவோம்" என்று தன் காரிலேயே எங்களைக் கூடலூருக்கு அழைத்துப்போனார்.

மகள் வீட்டு முன்பக்கம் கதவு சுவரில் சாய்ந்து நின்றது. நல்ல கனமான தேக்கு. அந்த வீட்டு நிலைக்கு அது ஒரு முழம் பெரிது. நிறுத்த வேறு இடமில்லாததால் மருமகனுடைய பைக் தெருவில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தால், நாங்கள் கேட்டால் அவரே தூக்கிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது.

அந்த அம்மா அன்றைக்கும் காப்பி கொடுத்தார். பிறகு முதல்முறையாகப் பேசினார்.

"இது எங்கய்யா எனக்குச் சீதனமாச் செஞ்சு குடுத்தது. கல்யாணம் முடிஞ்சு வரும்போது இவுக ஜீப்புல கதவ மெத்தை போட்டு ஏத்துனாக. என்னைய பின்னால கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஒக்காரச் சொன்னாக."

ஜீப்காரர் தரையைப் பார்த்தார். வக்கீல் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பத்திரத்தில் இருப்பதைப் படித்துக் காட்டினார்.

"சரிங்க வக்கீலய்யா. அது யாரு எழுதிக் குடுத்தது?"

"உங்க வீட்டுக்காரர்."

"அவுக எழுதிக் குடுத்தது அவுக சொத்த. என் சீதனத்த எழுதிக் குடுக்க அவுக யாரு? அதுல என் கையெழுத்து இருக்கா?"

வக்கீல் பத்திரத்தை மடித்தார். மோவாயைத் தடவினார். "கேள்வி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"டேய், நீ யாருக்கு வக்கீலு?" என்று என் கணவர் பல்லைக் கடித்தார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, இந்தப் பத்திரத்துல ஒம் பேரு இருக்கா?"

"இருக்குக்கா. ரெண்டு பேரு பேருலயும்தான் வாங்கியிருக்கோம்."

"அப்ப நீ பொழச்சுக்கிருவ. அம்புட்டு வருசம் அந்த வீட்ட மெழுகுனவ நானு. விக்கப்போறோம்னு தரகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. "அக்கா, இப்பக் கேக்குறோம். கதவ எங்களுக்குக் குடுப்பீகளா?" என்றேன்.

"சும்மா குடுக்கமாட்டேன். விக்கிறேன். ஆனா பத்திரம் எழுதணும். என் பேருல."

வக்கீல் உற்சாகமாகிவிட்டார். மருமகன் ஓடிப்போய்க் காகிதம் வாங்கிவந்தார். விலை என்ன என்று கேட்டதற்கு, "இவரு வாழைக்கா யாவாரிதான? நல்ல செவ்வாழைத் தாரு ஒண்ணு" என்றார் அந்த அம்மா. எழுத எழுத வக்கீலுக்குக் கை நிற்கவில்லை. கதவுக்கு நான்கெல்லை வேண்டுமென்று எழுதினார்: வடக்கே துவைகல், தெற்கே செருப்பு ஸ்டாண்டு, கிழக்கே தெரு, மேற்கே மருமகன் வீட்டுச் சுவர். மேற்படி கதவின்மேல் அடமானமோ வேறு வில்லங்கமோ கிடையாது என்றும் சேர்த்தார். அந்த அம்மா முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவைக் கணவரிடம் நீட்டினார்.

"நான் எதுக்கு?" என்றார் ஜீப்காரர்.

"சாட்சி. அங்கன கீழ போடுங்க."

அவர் மறுபேச்சில்லாமல் போட்டார்.

கதவு அன்று மாலையே அவருடைய பழைய ஜீப்பில் சின்னமனூருக்கு வந்தது. இந்த முறை அந்த அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஆசாரி மாட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, மழைக்காலத்தில் கதவு பிடித்துக்கொள்ளும், இழுக்கக் கூடாது, அடியில் காலால் லேசாகத் தூக்கிவிட வேண்டும் என்று செய்து காட்டினார். என் கணவருக்கு அது இன்னும் பிடிபடவில்லை. ஐப்பசி வந்தால் வெளியே நின்று என்னைக் கூப்பிடுவார்.