யாருடைய வற்புறுத்தலும் இன்றி

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் முப்பது வருடம் வருகைப் பதிவும் படிவங்களும் பார்த்த பாவத்துக்கு, ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்த பிறகும் படிவங்கள் என்னைத் தேடி வருகின்றன.

போன மார்கழியில் படிவத்தோடு வந்தவர் சேத்தூர்க்காரப் பெண். அதே ஆலையில் பதினொரு வருடம் ரிங் பிரேம் என்ற நூற்பு மெஷின் ஓட்டியவர். ஒரு ஷிப்டையே நிறுத்தி, அதிலிருந்த எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

“அரசாங்கக் காப்பீட்டுல இருந்தவுகளுக்கு வேலை போனா மூணு மாசம் பாதிச் சம்பளம் தாராகளாமே சார்?”

“தருவாங்க. அவங்க நிறுத்தியிருக்கணும். நீங்களா நின்னா கிடையாது.”

“நா எதுக்கு நிக்கப் போறேன்? மக பன்னெண்டாவது. பரீட்சை முடியிற மட்டும் இது வந்தாப் போதும். இல்லன்னா நா திருப்பூர் போணும், அவள விட்டுட்டு.”

ஆதார், பாஸ்புக், சம்பளச் சீட்டு எல்லாம் வரிசையாக வைத்திருந்தார். அத்தனை ஒழுங்கானவர் நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கடைசி நாளில் எதிலாவது கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன்.

“ஆபீஸ்ல குடுத்த லெட்டர்ல போட்டேன். எல்லாருந்தான் போட்டோம். நிப்பாட்டிட்டாகன்னு சொன்னா, என்ன தப்புப் பண்ணுனியோன்னு அடுத்த மில்லுல சேக்க மாட்டாக. நாமளா நின்னதா இருந்தாத்தான் மரியாதைன்னு சொன்னாக.”

செல்போனில் அதன் படத்தைக் காட்டினார். ‘எனது குடும்பச் சூழ்நிலையை முன்னிட்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி...’ மீதியை நான் படிக்க வேண்டியிருக்கவில்லை. எந்த அதிகாரியும் அசைக்க முடியாத வாசகம் வேண்டும் என்று பழைய மேனேஜர் கேட்டபோது எழுதிக் கொடுத்தது நான்தான். அவர் பாராட்டினார். ஒரு வாரம் கர்வமாக இருந்தேன்.

“என்ன சார், எழுத்து வெளங்கலையா?”

“விளங்குது.”

கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கியதாக மனுப் போடலாம், கூட நின்றவர்கள் சாட்சி சொல்ல வேண்டும் என்றேன்.

“அவிய எல்லாம் பக்கத்து மில்லுல சேந்துட்டாக. எனக்குத்தான் எடமில்லன்னுட்டாக. இப்ப வந்து சாட்சி சொல்லுவாகளாக்கும்?”

யாரும் வரவில்லை. சாட்சியில்லாமலே மனுவை அனுப்பினோம். தாமாக விலகியவருக்கு உதவித்தொகை இல்லை என்று பதில் வருவதற்குள் அவர் திருப்பூர் போய்விட்டிருந்தார். போனில் சொன்னேன்.

“விடுங்க சார். மக தேவதானத்துல அக்கா வீட்லருந்து பஸ்ல போய்ட்டு வாரா. சரியாச் சாப்பிட மாட்டேங்காளாம், அதான்.” பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம். “எவரோ நல்லாத்தான் எழுதியிருக்காரு, ஒரு ஓட்டை இல்லாம.”

ஆமாம் என்றேன்.