நாலு பேர் என்றால் பாதிக் கட்டணம்

இது நிஜமாக நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. நானே பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான். ஆஸ்பத்திரி லேபில் வேலை. பிணவறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கிறவள். போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

நடந்தது என் அக்கா வீட்டுக்காரருக்கு. அத்தான் வாயால் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஆனால் இதில் நானும் இருக்கிறேன். எப்படி இருக்கிறேன் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.

அத்தானுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் கத்திரி. செலவு என்று எது கண்ணில் பட்டாலும் வெட்டிவிடுவார். வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஓர் அச்சகத்தில் கொட்டேஷன் போடுகிறவர். ஒரு பெரிய ஷீட்டை எப்படி மடித்து எப்படி வெட்டினால் துண்டுத்தாள் வீணாகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சின்னப் புத்தகம் அடிக்கும்போது பக்கங்கள் நாலு நாலாகத்தான் வரும். மூன்று பக்கத்துக்குத்தான் விஷயம் இருக்கிறதென்றால் நாலாவது பக்கத்தில் எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். "வெத்துப் பக்கம் விட்டா எனக்குச் சோறு இறங்காது" என்பார்.

அந்த மனுஷன் ஒருநாள் மலைக்கு டூர் போகலாம் என்றதும் அக்கா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பாப்பா பிறந்து ஆறு வருஷத்தில் அவர்கள் எங்கும் போனதில்லை. அவருக்குத் தவமிருந்து பிறந்த குழந்தை அது. மூன்று கர்ப்பம் கலைந்து நாலாவதாக வந்தவள். அவள் பள்ளிக்கூடத்தில் மலைப் படம் வரைந்துவிட்டு, "மலை நிஜமாவே பச்சையா இருக்குமாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் கத்திரி மசிந்தது.

மசிந்தாலும் கத்திரி கத்திரிதானே. ஒரு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டார். மழைக்காலத்தில் போனால் லாட்ஜில் வாடகை குறைவு. கார் கூடாது, சாதா பஸ். நாலு கட்டில் போட்ட ஒரே அறை. மலைக்குள் நுழைகிற செக்போஸ்டில் ஆளுக்கு இவ்வளவு என்று அனுமதிக் கட்டணம் உண்டு, குழந்தைக்கும் சேர்த்து. நாலு பேர் குடும்பமாகப் போனால் அதில் பாதி. மூன்று பேருக்கு முழுசாகக் கட்டுவதை விட நாலு பேருக்குப் பாதி கட்டுவது மலிவு. நாலாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார். பாசம் ஒன்றும் இல்லை, கணக்குத்தான்.

கிளம்புகிற அன்று காலை எனக்கு லேபிலிருந்து போன். கூட வேலை பார்ப்பவளுக்குக் காய்ச்சல், லீவு ரத்து. பையோடு நின்றவள் பையை வைத்துவிட்டேன். பாப்பா அழுதாள். அத்தான் அழவில்லை, அவ்வளவுதான்.

"போட்ட கணக்கெல்லாம் போச்சு" என்றார் என்னிடம்.

செக்போஸ்டுக்குப் போனபோது மத்தியானம் பன்னிரண்டரை. நட்ட நடு மத்தியானம், ஆனால் மூடுபனியில் பஸ்ஸின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு தகரக் கொட்டகை. அதில் கை நுழைகிற அளவு ஒரு ஜன்னல். உள்ளே கம்பளித் தொப்பி போட்ட டிக்கெட்காரர்.

அவர் நிமிரவில்லை. "எத்தனை பேர்?"

அத்தான் மூன்று என்றுதான் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டிக்கெட்காரர் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"நாலு பேரா?"

அத்தான் திரும்பிப் பார்த்தார். அக்காவும் பாப்பாவும் பஸ் படியருகே நின்றார்கள். மற்றதெல்லாம் பனி. இவருக்குக் கண் சரியில்லை, நமக்கு யோகம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆமா, நாலு பேர்."

"அந்தப் பொண்ணு உங்க கூட வந்தவங்கதானே?"

"எங்க கூட வந்தவதான். மச்சினி."

பாதிக் கட்டணம். பஸ்ஸில் ஏறி அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "வராதவளை வந்தாள்னு சொல்லுவாங்களா? வாய்ல வந்ததைச் சொல்லாதீங்க" என்றாள்.

மூன்று பேர் உட்காரும் இருக்கை. பாப்பா ஜன்னலோரம் உட்காரவில்லை. ஜன்னல் என்றால் உயிரை விடுகிறவள், நடுவில் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஜன்னல் சித்திக்கு" என்றாள். பாவம், நினைப்பெல்லாம் என் மேல்தான் என்று அக்கா அவள் தலையைத் தடவினாள்.

லாட்ஜ்காரம்மா நாலு துண்டு கொடுத்தாள். நாலு கட்டில் அறைதானே, கொடுக்கத்தான் செய்வாள். மறுநாள் காலையில் நாலாவது கட்டிலின் போர்வை கசங்கியிருந்தது. பாப்பா குதித்திருப்பாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

பிறகு பார்த்தால், செலவு குறைய ஆரம்பித்தது.

டீக்கடையில் மூன்று கிளாஸ் வந்தது. அத்தானுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, பெஞ்சில் ஆளில்லாத ஓரத்தில் ஒன்று. பாப்பாவுக்குச் சொன்ன பால் வரவில்லை. இரண்டு தடவை கேட்டும் கடைக்காரர் விழித்தார். சரி, டீ ஆறிப்போகுமே என்று மூன்றாவது கிளாஸையும் அத்தானே குடித்தார். பூங்காவில் குழந்தை டிக்கெட் கேட்கவில்லை. படகிலும் கேட்கவில்லை. "நல்ல ஜனங்கப்பா, குழந்தைக்குக் காசே வாங்க மாட்டேங்கிறாங்க" என்று பூரித்துப் போனார்.

படம் எடுக்கிறவர் ஒருவர், "மூணு பேரும் நெருங்கி நில்லுங்க" என்றார். பாப்பா ஓரத்தில் நின்றாள். "இன்னும் இந்தப் பக்கம்" என்று அக்காவை நகர்த்தினார். பாப்பாவை அப்படியே விட்டுவிட்டார். காசு கேட்பானோ என்று பயந்து அத்தான் படம் வேண்டாம் என்று நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் போன் செய்தேன். பாப்பா எடுத்தாள்.

"சித்தி, நீ ஏன் போன்ல பேசுற?"

"பின்ன எப்படிடி பேசுறது?"

"இங்கதானே உக்காந்திருக்க."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அப்போது அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். மூக்கால் ஒரு சத்தம் வந்து, பிறகு சிரிப்பு. என் சிரிப்பு அப்படித்தான் இருக்கும். வீட்டில் எல்லோரும் அதைக் கேலி செய்வார்கள்.

"யாரு சிரிச்சது?"

"நீதான்..."

லைன் போய்விட்டது.

அடுத்த நாள் மலை இறங்கும் பஸ். பாப்பா காலையிலிருந்து பேசவே இல்லை. அவள் கை சில்லென்று இருந்ததாக அக்கா சொல்கிறாள். குளிர்தான் என்று ஸ்வெட்டர் மாட்டிவிட்டார்களாம். அதே மாதிரி ஜன்னலோரம் காலி, நடுவில் பாப்பா, இந்தப் பக்கம் அக்கா. அத்தான் பக்கத்து வரிசையில்.

கண்டக்டர் வந்தார். மூன்று டிக்கெட் கிழித்தார்.

"மூணும் முழுசா போட்டுட்டீங்களே. குழந்தைக்கு அரை டிக்கெட்தானே?" என்றார் அத்தான்.

"எந்தக் குழந்தை?"

அத்தான் கையைக் காட்டினார்.

கண்டக்டர் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஜன்னலோரக் காலி இடத்தைப் பார்த்தார். நடுவில் அவர் கண் நிற்கவே இல்லை.

"நீங்க, அம்மா, அவங்க தங்கச்சி. மூணு பேர். குழந்தை எங்க சார்?"

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெரியவர் சாக்கு மூட்டையோடு ஏறினார். நடு இருக்கையில் வைத்தார்.

பாப்பாவின் மடியில்.

பாப்பா கத்தவில்லை. மூட்டைக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மூட்டையைத் தள்ளிவிட்டு அவளை வாரி அணைத்தாள். "என்னம்மா, காத்தைக் கட்டிப் பிடிக்கிறீங்க..." என்றார் பெரியவர்.

ஜன்னலோரத்தில் மூக்கால் ஒரு சத்தம். பிறகு சிரிப்பு.

அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாக மிச்சம் பிடித்தது எதை என்று.

பஸ் செக்போஸ்டில் நின்றது. "அஞ்சு நிமிஷம்" என்றார் கண்டக்டர். அத்தான் குதித்து ஓடினார். அதே கொட்டகை. அதே ஜன்னல். அதே கம்பளித் தொப்பி.

"நாங்க மூணு பேர்தான். நான் பொய் சொல்லிட்டேன். நான், என் பொண்டாட்டி, என் மக. முழுக் காசையும் எடுத்துக்குங்க."

டிக்கெட்காரர் நிதானமாகக் கேட்டார். "அப்ப அந்தப் பொண்ணு?"

"எங்க கூட வந்தவ இல்லை."

"கூட்டிக்கிட்டு வந்தது நீங்கதானே."

"இல்லை... எங்க ஆள் இல்லை. எங்க ஆள் இல்லைங்க."

ஜன்னலுக்குள் பர்ஸோடு பணத்தைத் தள்ளினார். டிக்கெட்காரர் வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளினார்.

"சரி. இறங்கிட்டாங்க. நகருங்க, அடுத்தது யாரு?"

அத்தானுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நின்றது. மலைக்குப் போகிறவர்கள். அவர் வயதில் ஒரு ஆள், மனைவி, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்னப் பையன். முன்பல் விழுந்திருந்தது. அத்தானைப் பார்த்துச் சிரித்தான்.

"எத்தனை பேர்?"

அந்த ஆள் வாயைத் திறப்பதற்குள் டிக்கெட்காரர் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"நாலு பேரா? அந்தத் தம்பி உங்க கூட வந்தவர்தானே?"

அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு மேலே நாலு பேருக்குப் பாதி என்று எழுதியிருந்த சலுகைப் பலகையைப் பார்த்தார். மனைவியிடம் கண்ணைச் சிமிட்டினார்.

வேண்டாம் என்று சொல்ல அத்தானுக்கு வாய் வந்தது. அந்த நேரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. உள்ளே பாப்பா இருந்தாளா இல்லையா என்றுகூடத் தெரியாது. அவர் ஓடினார்.

"ஆமாங்க, நாலு பேர்" என்று பின்னால் கேட்டது.

பஸ்ஸில் அந்தப் பெரியவர் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ, குழந்தை இருந்ததைக் கவனிக்கலையே, அடிபட்டிருச்சா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அத்தான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார் என்று அக்கா சொன்னாள்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் குடும்பத்தைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அக்காவிடம்கூட.

மூன்று வாரம் கழித்து, அச்சகத்துக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பகல் பதினொரு மணி. இரண்டு பேரும் குளித்து, தூங்கி எத்தனை நாள் ஆனதோ. காணவில்லை நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார்கள். மகன் மலையில் தொலைந்துவிட்டான். போலீஸ் நம்பவில்லை. லாட்ஜ்காரம்மா, கண்டக்டர், டீக்கடை, யாரைக் கேட்டாலும் அவர்கள் கூடக் குழந்தையே வரவில்லை என்கிறார்களாம். வந்தது மூன்று பேராம். கணவன், மனைவி, மனைவியின் தம்பி.

"என் தம்பி வரவே இல்லைங்க" என்றாள் அந்தப் பெண். "கால் உடைஞ்சு கட்டுப் போட்டு வீட்ல படுத்திருந்தான்."

அவர்களுக்கு அத்தானை அடையாளம் தெரியவில்லை. அத்தானுக்குத் தெரிந்தது. படத்தை வாங்கினார். சிவப்புத் தொப்பி. முன்பல் இல்லாத சிரிப்பு. கொட்டேஷன் போடவில்லை, காசும் வேண்டாம் என்றுவிட்டார். படத்தைத் தானே நோட்டீஸின் நடுவில் வைத்து மெஷினுக்கு அனுப்பினார்.

பத்து நிமிஷத்தில் மெஷின்காரர் ஒரு தாளோடு வந்தார்.

"அண்ணே, ஆள் படம் வைக்க மறந்துட்டீங்களே. கட்டம் காலியா இருக்கு."

அத்தான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து அன்றுதான் சொன்னார். தாளைத் தரையில் விரித்தார்.

"இதோ தெரியுதுல்ல? சிவப்புத் தொப்பி. சிரிக்கிறான் பாரு. தெரியுதுல்ல?"

நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். காணவில்லை என்று பெரிய எழுத்து. கீழே போன் நம்பர். நடுவில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் வெள்ளைத் தாள்.



உள்ளே வரைந்துகொண்டிருந்த பாப்பா எழுந்து வந்தாள். அப்பாவின் தோளில் சாய்ந்து தாளைப் பார்த்தாள்.

"சிரிக்கலையேப்பா" என்றாள். "அழுறான். பக்கத்துல நிக்கிற மாமா கையை விடவே மாட்டேங்கிறாரு."