சலவை மிட்டாய்

துணியில் தைத்த பை எதைக் கையில் எடுத்தாலும் அவர் முதலில் அதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிவிடுவார். பிறகு இரண்டு மூலைகளுக்குள்ளும் சுட்டுவிரலை விட்டுக் குத்திப் பார்ப்பார். தையல் ஓரமாகவே நகத்தை ஓட்டிக்கொண்டு வந்து, எங்காவது ஒரு நூல் பிசிறு தட்டுப்பட்டால் நிறுத்தி, உதட்டைக் குவித்து ஒரு ஊது ஊதுவார். காய்கறிப் பையானாலும் சரி, மற்றவர்களின் சட்டைப் பையானாலும் சரி, அந்தச் சடங்கு முடியாமல் அவருக்குக் கை ஓடாது.

பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை அவருக்கு. தலையணை உறைகள் அவர் பொறுப்பு. தூங்கி எழுந்து போகிறவர்கள் அதற்குள் எதையெல்லாமோ விட்டுவிட்டுப் போவார்கள். கொண்டை ஊசி, ஒற்றைத் தோடு, கடித்து மீந்த பிஸ்கட். ஒரு தடவை முழுசாக ஒரு பல் செட்டே இருந்தது. அதைத் தேடிக்கொண்டு ஓடிவந்த கனவான் வாயைத் திறக்காமலே நன்றி சொன்ன விதத்தை அவர் நடித்துக் காட்டினால் பார்க்கிறவர்களுக்கு வயிறு வலிக்கும்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "யாரும் கேக்கலப்பா, நானும் வற்புறுத்தல" என்பார். தங்கை வீட்டுக்கு நேர் மேல்மாடியில் ஒற்றை அறை. சாப்பாடு கீழே. தங்கை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மகள் பால்குடி மறப்பதற்குள் கணவனை இழந்தவள். அன்றிலிருந்து முதுகை ஒரு தரம்கூட வளைத்ததில்லை என்று தோன்றும்படி நிமிர்ந்தே நடப்பவள். அந்த மகளுக்கு அவர் வைத்த பெயர் வாலு.

சலவைக்கூடத்தின் உருளை இயந்திரங்கள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவனிடமே கத்தித்தான் பேச வேண்டும். வருஷக்கணக்காக அப்படியே கத்தி, அதுவே அவருக்கு இயல்பான குரலாகிவிட்டது. அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது வீட்டில் இருக்கிறவர்கள் தலையாட்டுவார்கள். இது அவருக்குத் தெரியாது. தன் குரல் தாழ்ந்த குரல் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

வாலு பள்ளியில் சேர்ந்த புதிதில், ஒரு வருஷக் கடைசி விடுமுறையில் நடந்தது இது. எல்லாப் பிள்ளைகளும் எங்கெங்கோ ஊர் போயிருந்தார்கள். அம்மாவுக்கு மருந்துக்கடையில் விடுப்பு இல்லை. மாமாவுக்கோ ஓட்டலில் அறைகள் நிரம்பி வழியும் காலம். குழந்தை மூக்கைச் சிந்திக்கொண்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தது. வேலைக்குக் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தார். காலையில் பாலில் போட்டுத் தின்கிற சோளத் துண்டுகள், கட்டம் கட்டமாக வலை பின்னினாற்போல் இருப்பவை, ஒரு டப்பா இருந்தது. சாக்லேட் இருந்தது. வெண்ணெய், வேர்க்கடலை விழுது, பொடித்த சர்க்கரை எல்லாம் இருந்தன.

கொதிக்கிற தண்ணீர்மேல் கிண்ணத்தை வைத்து, சாக்லேட்டையும் வெண்ணெயையும் விழுதையும் ஒன்றாக உருக்கினார். "கிட்ட வராத, ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் சாக்லேட் கோவிச்சிக்கிட்டு மணலாயிடும்" என்று குழந்தையை நிறுத்தினார். உருகியதைச் சோளத் துண்டுகள்மேல் ஊற்றி, நொறுங்காமல் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக் கொடுத்தார். அடுப்பில் வேக வைக்கிற வேலையே இல்லை. இனிச் சர்க்கரைப் பொடியில் போட்டுக் குலுக்க வேண்டும். மூடி போட்ட பாத்திரம் எதுவும் அந்த அளவுக்கு இல்லை. மேலே ஓடிப்போய், ஓரத்தில் சின்னக் கறை இருக்கிறதென்று ஓட்டல் கழித்துக் கொடுத்த ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்தார். துவைத்து, கஞ்சி போட்டு, மொடமொடவென்று இருந்தது. புரட்டினார், மூலையைக் குத்தினார், ஊதினார். எல்லாவற்றையும் உள்ளே கொட்டி வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு முனையாகக் குலுக்கினார்கள்.

உள்ளே போனபோது கன்னங்கரேலென்று இருந்தது வெளியே வந்தபோது வெள்ளைவெளேரென்று இருந்தது.

"துவைச்சிட்டீங்களா மாமா?" என்று கேட்டது குழந்தை. அப்படித்தான் அதற்குச் சலவை மிட்டாய் என்று பெயர் வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் சலவை மிட்டாய். குலுக்கும்போதுதான் வாலு பேசுவாள். அடுத்த அறையில் அம்மா இருப்பாள். குலுக்குகிற சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்பது இருவருக்குள்ளும் ஏற்பட்ட நம்பிக்கை. உடைந்த கண்ணாடி டம்ளர், கணக்கில் வந்த மதிப்பெண், தோழியோடு சண்டை, எல்லாம் அந்த உறைக்கு மேலாகத்தான் அவர் காதுக்கு வரும். "நீ கவலைப்படாத. நான் சொல்லிக்கறேன். பத்து நிமிஷப் பேச்சு" என்பார். சாயங்காலம் தங்கை தேநீரோடு உட்காரும் நேரம் பார்த்துப் போய், சுற்றி வளைத்து, ஓட்டலில் நடந்த கூத்து ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வைத்து, நடுவில் விஷயத்தை நுழைத்துவிடுவார். தங்கை முறைப்பாள். "உனக்கு வக்கீல் வேலையே கெடைச்சிருக்கும்ணே" என்பாள். அதோடு விஷயம் முடிந்துபோகும்.

முடியாமல் போனது ஒரே ஒரு தடவை. வாலு பள்ளி முடித்த வருஷம் அது. தூரத்து நகரத்தில் பெரிய கல்லூரி ஒன்றில் கணக்குப் பதிவியல் படிக்க இடம் கிடைத்தது. அவ்வளவு தூரம் எதற்கு, இங்கேயே ஏதாவது பார்க்கலாமே என்று அவர் தேநீர் வேளையில் வாயைத் திறந்தார். தங்கைக்கு அன்று கடையில் யாரோடோ வாக்குவாதம். கோப்பையை வைத்த சத்தத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"பெத்து வளத்திருந்தா தெரியும் உனக்கு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சொன்னவள் மறுநாள் அவருக்குப் பிடித்த குழம்பை வைத்தாள், தட்டில் இரண்டாவது தடவையும் ஊற்றினாள். மன்னிப்புக் கேட்கிற வழி அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். அவரும் சாப்பிட்டார். ஆனால் அந்த வார்த்தை தொண்டைக்குழியில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

வாலு படிக்கப் போனாள். முதல் விடுமுறைக்கு வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. சட்டை தோளிலிருந்து தொங்கியது. அம்மாவிடம், "மெஸ் சாப்பாடு சரியில்லம்மா" என்றாள். மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வந்த மறுநாள் காலையிலேயே சாக்லேட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

உருக்கினார்கள், புரட்டினார்கள். உறையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"மாமா, என்னால அங்க முடியல."

"என்ன முடியல?"

"எதுவுமே. படிக்கறது மண்டைல ஏறல. ராவுல தூக்கம் வரல. யாருமே பேச மாட்டேங்கறாங்க, எனக்கும் பேச வரல. பாத்ரூம்ல போய் அழுதுட்டு வரேன். தண்ணிக் குழாயத் தெறந்து விட்டுட்டு."

அவர் குலுக்குவதை நிறுத்திவிட்டார்.

"நிறுத்தாதீங்க மாமா, அம்மாக்குக் கேக்கும்!"

திரும்பவும் குலுக்கினார். முன்னைவிட வேகமாக. வேகத்துக்கு ஏற்ப இருவர் குரலும் ஏறிற்று.

"இங்கயே எதாவது காலேஜ்ல சேந்துக்கறேன். வேற படிப்புன்னாலும் பரவால்ல. அம்மாகிட்ட நான் கேட்டா, இவ்ளோ கஷ்டப்பட்டு அனுப்பினேனேன்னு ஒடஞ்சிடுவாங்க. நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன். நீ தைரியமா இரு. பத்து நிமிஷப் பேச்சு."

அவள் உறையை விட்டுவிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு முனை அவிழ்ந்து சர்க்கரைப் பொடி இருவர் தலையிலும் கொட்டியது. சத்தம் கேட்டு உள்ளே வந்த தங்கை வாசற்படியிலேயே நின்றாள். "ரெண்டு கிழமும் என்ன பண்றீங்க?" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். கண் மட்டும் மகள்மேலேயே இருந்தது.

பத்து நிமிஷப் பேச்சில் இருக்கிற தொல்லை இதுதான்: எப்போது வேண்டுமானாலும் பேசிவிடலாம் என்பதால் எப்போதும் பேசப்படாது. அன்று சாயங்காலம் ஓட்டலில் கூடுதல் வேலை. மறுநாள் தேநீர் வேளைக்குப் போனார். பல் செட் கதையையே மறுபடியும் சொன்னார். தங்கை சிரித்தாள். சிரித்து முடித்து, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுண்ணே" என்றாள்.

"என்ன?"

"எதாவது சொல்லணுமா?"

முள் அசைந்தது. பெத்து வளத்திருந்தா. அவர் கூரையைப் பார்த்தார்.

"மேல ரூம்ல குழா ஒழுகுது. ஆளக் கூப்பிடணும்."

"ஓ" என்றாள் அவள்.

இன்னொரு நாள் துணி காயப்போடும்போது போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிழிந்தாயிற்று, உதறியாயிற்று, கொடியிலும் போட்டாயிற்று, அவள் நகரவில்லை. "வாலு எளச்சிட்டா, இல்ல?" என்றாள். "வயசு அப்படி" என்றார் அவர். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாலு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது அம்மா முகத்தையும் மாமா முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவர் கண்ணாலேயே "நாளைக்கு" என்பார். அவளும் கண்ணாலேயே "சரி" என்பாள். பெட்டியைக் கட்டும் நாள் வந்தபோது அவள் கண் கீழே குனிந்திருந்தது.

பேருந்து நிலையத்துக்கு அவர்தான் கொண்டுபோய் விட்டார். விடிகாலையில் எழுந்து இன்னொரு தடவை சலவை மிட்டாய் செய்திருந்தார், தனியாக. அது ஒரு பெரிய டப்பா நிறைய இருந்தது. சொல்லாத வார்த்தைக்குப் பதிலாக அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"சொல்லலயா மாமா?"

"அம்மாக்குக் கொஞ்சம் அசதியா இருந்துச்சுடா. நல்ல நேரமாப் பாத்து... போன்ல சொல்லிக்கறேன். நீ போய்ட்டே இரு, நான் இங்க பேசி முடிச்சிடறேன்."

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். "பரவால்ல மாமா" என்றாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கையையும் ஆட்டினாள். குறை ஒன்றும் சொல்வதற்கில்லை.

அதற்குப்பின் அவள் எதற்கும் "பரவால்ல மாமா"தான். எப்படி இருக்க? பரவால்ல மாமா. சாப்பாடு? பரவால்ல மாமா. படிப்பு எப்படியோ முடிந்தது. நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போய், மறுபடி எழுதி, கடைசியில் தேறினாள். என்ன நடந்தது என்று வீட்டில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. அந்த நகரத்திலேயே ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நன்றாகத்தான் இருக்கிறாள். அம்மாவுக்கு வாரம் தவறாமல் பேசுகிறாள். விடுமுறைக்கு மட்டும் வருவதில்லை. வேலை இருக்கிறது என்கிறாள், இருக்கலாம்.

அவர் செய்வதை நிறுத்தவில்லை. ஓட்டலில் கூட வேலை பார்க்கிறவர்களுக்குக் கொடுப்பார். ஒரு முனையை நாற்காலிக் காலில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தானே பிடித்துக் குலுக்குவார். எதிர்முனையிலிருந்து ஒரு பேச்சும் வராது. சோளத் துண்டுகள் துணிக்குள் புரள்வது அப்போதுதான் அவருக்குக் கேட்டது. எவ்வளவு சின்னச் சத்தம் அது! யாரோ பக்கத்து அறையில் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்திருப்பது மாதிரி.

போன விடுமுறையில் தங்கை அடுக்களைக்கு வந்து, நாற்காலிக் காலிலிருந்து முடிச்சை அவிழ்த்து அந்த முனையைத் தான் பிடித்துக்கொண்டாள். முதுகு இப்போது கொஞ்சம் வளைந்துவிட்டது அவளுக்கு. இருவரும் குலுக்கத் தொடங்கினார்கள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"இதுக்குள்ள பேசினா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிட்டிருந்தீங்கல்ல, ரெண்டு பேரும்?"

அவர் கை நின்றது.

"துணிப்பைக்குள்ள என்ன சத்தம் வரப்போகுது? உன் கொரலுக்கு நான் தெருவுல நின்னாலும் கேட்டிருக்கும். டம்ளர் ஒடஞ்சதுலேருந்து எல்லாம் தெரியும் எனக்கு. நீ வந்து சொல்ற அழகுக்காகத் தெரியாத மாதிரி இருப்பேன். அன்னிக்கும் கேட்டேன். குழாயத் தெறந்துட்டு அழறேன்னு சொன்னாளே, அதுவும் கேட்டேன்."

"அப்ப நீயே ஏன்..."

"என்கிட்ட மறைக்கணும்னுதானே உன்கிட்ட சொன்னா. ஒட்டுக் கேட்டேன்னு அவகிட்ட எப்படிப் போய் நிக்கறது? நீ வந்து கேப்ப, சரின்னு சொல்லிடலாம்னு இருந்தேன். எப்படா வாயத் தெறப்பன்னு பாத்துட்டே இருந்தேன். நீ குழா ஒழுகுதுன்ன. வயசு அப்படின்ன. சரி, ரெண்டு பேரும் பேசி அவ மனசு மாறிட்டா போலன்னு விட்டுட்டேன்."

சர்க்கரைப் பொடி உறையின் நெசவு வழியாகக் கசிந்து அவள் முன்கையில் படிந்துகொண்டிருந்தது. அதைத் தட்டிவிடாமலே சொன்னாள்:

"நீங்க குலுக்கின மறுநாளே, கடைக்குப் போற வழில இருக்கே, அந்தக் காலேஜுக்குப் போய்ப் பேசிட்டு வந்தேன். அவளுக்கு எடம் தரோம்னு சொல்லியிருந்தாங்க."