ஒரு சென்டாவோ மன்னிப்பு

ரெசிஃபே கடற்கரையில் இளநீர் விற்கும் ஜெனில்டாவுக்கு வெட்டுவதைவிடக் காசு வாங்குவதுதான் பெரும்பாடு. ரொக்கம் என்றால் சில்லறை இருக்காது. அட்டை தேய்த்தால் கமிஷன் போய்விடும். போனில் வாங்கினாலோ, அவள் மெசேஜில் பிளாக் செய்துவைத்த முன்னாள் புருஷன் வால்டெமிர் தினமும் ஒரே ஒரு சென்டாவோ, அதாவது ஒரு ரெயாலில் நூறில் ஒரு பங்கு காசு, அனுப்பி, அதோடு போகும் குறிப்பில், “மன்னிச்சிரு செல்லம்” என்று எழுதுவான்.

“அந்தப் போன் கணக்கை மூடித் தொலையேன்க்கா,” என்றாள் பக்கத்தில் சோளம் விற்கும் இவோனெச்சி.

“மூடிட்டு? வர்றவன்கிட்ட மணலையா வாங்கிப் போடுறது?”

ஜெனில்டா அவனுக்கு ஒரு சென்டாவோவைத் திருப்பி அனுப்பினாள்: “மன்னிப்பு ஐம்பது ரெயால்.”

உடனே போன் சிணுங்கியது. இருபத்தைந்து ரெயால் வந்திருந்தது. “பாதி மன்னிச்சாப் போதும் செல்லம்.”

“பாத்தியாடி? இந்தக் கஞ்சத்தனத்துக்குத்தான் அவனை விரட்டினேன்!”