மூலை மதிலும் மூன்று செட்டைகளும்

சனிக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெள்ளை வாகனம் எங்கள் வளவுக்கு முன்னால் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் அளவுநாடா, மற்றவர் கையில் சிவப்பு மைப் பேணி. முதலில் வாகன இலக்கத்தை நாட்குறிப்பில் எழுதினேன். பிறகுதான் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கேற்றைத் திறந்தேன். அதற்குள் மதில் மூலையில் சிவப்புப் பொட்டு விழுந்திருந்தது.

கடற்கரையோரப் பெருவீதியிலிருந்து வயல் பக்கமாக ஒரு வீதி பிரிகிற மூலையில் எங்கள் வீடு இருக்கிறது. எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ் நடக்கும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இது மகளுக்கு என்று வைத்த வீடு. நிக்காஹுக்கு அன்றைக்குச் சரியாகப் பதினேழு நாட்கள் இருந்தன.

நாடா வைத்திருந்தவர் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். அண்ணன் என்ற முறையில் ‘காக்கா’ போட்டு மரியாதையாகத்தான் கதைத்தார்.

“காக்கா, துறைமுகத்தில இருந்து கரண்ட் எடுக்கிற காத்தாடிட செட்டை, இறகு, மூண்டு வருது. மலைப்பக்கம் போகணும். இந்த மூலையாலதான் திரும்பலாம்.”

“என்ன நீளம்?”

“நூத்தி எண்பது அடிக்கு மேல.”

“நூத்தி எண்பதடிச் சாமானுக்கு எங்கட மூலைதானா கிடைச்ச?”

“மத்த ரோட்டில இருக்கிற பாலம் தாங்காது காக்கா.”

நான் நம்பவில்லை. வீதியை அகலமாக்கப் போகிறார்கள் என்று ஒரு வருடமாக ஊரில் கதை இருந்தது. காற்றாடி என்று சொல்லி அளந்துகொண்டு போய், பிறகு கடிதம் அனுப்புவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டியபோது, அதை வீதிப்பக்கம் ஒன்றரை அடி தள்ளிக் கட்டினேன். வரிசையில் எல்லோரும் தள்ளியிருந்தார்கள். நான் மட்டும் உள்ளே நின்றால் வரிசை கோணலாகத் தெரியும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாட்குறிப்பிலும் உள்ளபடி எழுதினேன்: மதில், ஒன்றரை அடி வெளியே.

மூலையில் சமையலுக்கென்று புதிதாகக் கட்டும் குசினி வேலைக்காக மணலும் கல்லும் குவித்திருந்ததால் அவரால் நாடாவை மதிலோடு ஒட்டிப் பிடிக்க முடியவில்லை. “நில அளவைப் படம் இருக்கா காக்கா? அதைப் பாத்துச் சொன்னாலும் காணும்,” என்றார்.

காணிப் பத்திரக் கோவையை எடுத்து வந்து வாசித்தேன். எல்லையிலிருந்து நடு வீதிக்கு இருபத்தொரு அடி நாலு அங்குலம். மதில் அந்த எல்லையில் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். மதிலுக்கு மேல், முற்றம் வெளியே தெரியாமலிருக்க நாங்கள் அடித்திருந்த மறைப்புத் தகரத்தை மட்டும், ஏழாம் நாள் செட்டை வரும்போது கழற்றித் தரச் சொன்னார். செட்டையின் வயிறு அதற்கு மேலால் போகுமாம்.

மனைவியிடம் சொன்னேன்.

“பொய்யா சென்னீங்க?”

“படத்தில உள்ளதைச் சென்னேன்.”

“படத்து மேலயா லொறி போகப்போற? மதிலு விழுந்தா புள்ளட கலியாணத்தில முத்தத்த ரோட்டுக்குத் தெறந்து வெச்சிட்டு இரிங்க.”

மதில் விழுந்தால் திரும்பக் கட்ட முடியாது. கட்டும்போது யாராவது வந்து அளப்பார்கள். பழைய எல்லையில் கட்டினால் புதுக் குசினிச் சுவர் மதிலில் முட்டும். இதையெல்லாம் நான் கணக்காக யோசித்தேன். ஆனாலும் போய் உண்மையைச் சொல்லவில்லை.

ஏழாம் நாள் விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடிந்ததும் தகரத்தைக் கழற்றினேன். மனைவியும் மகளும் பின்வளவு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறு மணி இருபதுக்கு முதல் செட்டை வந்தது. அதுவரை பொய்யென்றே நினைத்திருந்தேன். முன்னால் ஒரு வாகனம் நீண்ட கம்பியோடு மின்கம்பிகளின் உயரம் பார்த்துக்கொண்டு வந்தது. லொறியின் தலை வளைந்து வயல் வீதிக்குள் போன பின்னும் செட்டையின் வால் பெருவீதியில் தூரத்திலேயே இருந்தது. பின்சில்லுகளை ஒருவர் கழுத்தில் தொங்கிய பெட்டியால் திருப்பிக்கொண்டு கூடவே நடந்தார். சில்லுகள் மூலையை வெட்டி எங்கள் மதிலை நோக்கி வந்தன.

என் கணக்கில் அவர்களுக்கு ஒன்றரை அடி குறைவு. ஓடிப்போய்ப் பாண்டிருப்புக்காரரின் கையைப் பிடித்தேன்.

“தம்பி, நிப்பாட்டுங்க. மதிலு படத்தில உள்ள இடத்தில இல்ல. ஒண்டரை அடி வெளிய நிக்குது.”

வேடிக்கை பார்க்க நின்ற சனமெல்லாம் அதைக் கேட்டது. அவர் வாகனத்தை நிறுத்தவில்லை. கையிலிருந்த தாளைக் காட்டினார். நான் சொன்ன அளவுக்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டடி கழித்திருந்தார்.

“யாரு சொன்ன?”

“ஒருத்தரும் சொல்லல்ல காக்கா. இந்தக் கரையில ஆர் படத்தைப் பாத்து வாசிச்சாலும் ரெண்டடி கழிப்பம். எங்கட பாண்டிருப்பிலயும் அதுதான்.”

“நான் எடுத்த ஒண்டரைதான்,” என்றேன். எனக்குக் கோபம் வந்திருந்தது.

“அப்ப அரையடி மிச்சம். பேசாம நில்லுங்க.”

சில்லுகள் போயின. இடைவெளியில் ஒரு சாணுக்கும் குறைவான இடமே இருந்தது. மற்ற இரண்டும் அப்படியே போயின. மதிலில் ஒரு கீறலும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் மட்டும், “ஹாஜியாருட ஒண்டரை அடிக்கு ஒரு டீ குடிப்பமா?” என்று சிரித்தார். நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தகரத்தைத் திரும்ப அடித்தேன். மணலை ஒதுக்கிவிட்டு நடு வீதியிலிருந்து நானே அளந்தேன். பத்தொன்பது அடி பத்து அங்குலம். மகளைக் கூப்பிட்டு, வீடு அவள் பெயருக்குப் போகுமுன் அவள் தெரிந்திருக்க வேண்டுமென்று விடயத்தைச் சொன்னேன். வீதி என்றைக்காவது அகலமானால் மதிலோடு குசினிச் சுவரும் போகும் என்றேன்.

“தெரியும் வாப்பா. ஒங்கட டயறில இரிக்கே,” என்றாள்.

நாட்குறிப்புகளைப் பூட்டி வைத்திருக்கும் அலுமாரியின் சாவி ஒன்பது வருடமும் என் இடுப்பில்தான் இருந்தது. வேறு எந்தப் பக்கங்களை வாசித்தாள் என்று நான் கேட்கவில்லை.